வெடிக்கும் என்றேன், வெடிக்காது என்றாள்

ஆகஸ்ட் 9, 2022

இட்லி மாவு புளித்துப் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது. பெங்களூரு குளிரில் மாவு புளிக்காது என்று பெரிய பாத்திரத்தில் வைக்காமல் விட்டது என் தப்பு. துடைத்துக்கொண்டிருந்தபோது ஹசீனா போன் செய்தாள். என்னோடு வானியல் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள், மேலப்பாளையத்துக்காரி.

"சார், சூப்பர்நோவா. ரொம்பப் பக்கத்துல."

எங்களுக்குப் பக்கம் என்றால் இரண்டரைக் கோடி ஒளியாண்டு. என் மனைவி தவமணி ஹாலில் கட்டிலில் படுத்திருந்தாள். அவளும் இதே துறைதான். மூன்றாவது கீமோ முடிந்து வாய்க்கு எதுவுமே பிடிக்காமல் இருந்தவள், விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஹைட்ரஜன் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ பெரிய நட்சத்திரம் ஒண்ணு செத்திருக்கு. எவ்வளவு பெரிசுன்னு உடனே தேடு. சும்மா நிக்காத." பிறகு காபி கேட்டாள். ஒரு வாரத்தில் முதல் காபி. பாதி குடித்தாள். மீதியை நான் குடித்தேன்.

ஆகஸ்ட் 10

எங்கள் வீட்டுச் சண்டையை இங்கே எழுதி வைக்கிறேன். இயல் என்றைக்காவது படித்தால் அவளுக்குப் புரியட்டும். கோயம்புத்தூரில் பொருளாதாரம் படிக்கும் பெண்ணுக்கு அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் எதற்காகக் கத்தினோம் என்று இதுவரை சரியாகத் தெரியாது.

சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் எடையுள்ள நட்சத்திரம் கடைசியில் வெடிக்கும். இது புத்தகத்தில் இருப்பது. ஒரு நட்சத்திரம் வெடித்த பிறகு, அதே இடத்தை யாராவது எப்போதோ எடுத்த பழைய படத்தில் தேடினால், வெடிப்பதற்கு முன் அது எப்படி இருந்தது என்று பார்க்கலாம். அப்படிச் சில டஜன் நட்சத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் சிவந்து உப்பிய கிழட்டு நட்சத்திரங்கள். ஆனால் அவற்றில் பதினேழு, பதினெட்டு மடங்கைத் தாண்டிய ஒன்றைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வானத்தில் இருபது, இருபத்தைந்து மடங்குச் சிவப்பு நட்சத்திரங்கள் நிறைய இருக்கின்றன. அவை வெடித்து நாம் பார்த்ததில்லை. அப்படியென்றால் அவை என்ன ஆகின்றன?

தவமணி சொல்வது: அவை வெடிப்பதில்லை. உள்ளுக்குள்ளேயே சரிந்து கருந்துளையாகிவிடுகின்றன.

நான் சொல்வது: அவையும் வெடிக்கின்றன. சாகும் முன் தம்மைச் சுற்றித் தூசைக் கக்குகின்றன. தூசு வெளிச்சத்தை மறைப்பதால் நாம்தான் எடையைக் குறைத்துப் போடுகிறோம்.

இருபது வருடமாக இதுதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம்கூட இதற்காக மூன்று நாள் பேசாமல் இருந்தோம்.

ஆகஸ்ட் 17

பழைய படம் கிடைத்துவிட்டது. விண்வெளித் தொலைநோக்கி பதினோரு வருடங்களுக்கு முன் வேறு யாருடைய வேலைக்காகவோ எடுத்தது. ஏறக்குறைய அதே இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. நல்ல பிரகாசம். ஆனால் அதுதானா என்று சொல்ல, வெடிப்பையே அதே தொலைநோக்கியால் துல்லியமாகப் படம் எடுத்து, பழையதன் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். கேட்டிருக்கிறோம்.

துணி துவைக்கும் மெஷினில் தண்ணீர் ஏறவில்லை. கையால் துவைத்தேன்.

ஆகஸ்ட் 24

ஆஸ்பத்திரி. டாக்டர் சுமித்ரா ஸ்கேனை நிதானமாகப் பார்த்தார். "இனிமே கீமோ வேண்டாம். உடம்பு தாங்காது. வீட்டிலேயே இருக்கட்டும். வலி இல்லாம நான் பாத்துக்கறேன்" என்றார்.

நல்லதுதான். ஒரு வருடமாக மருந்து மேல் மருந்து. உடம்பு தேறுவதற்கு ஓர் இடைவெளி வேண்டும். தவமணி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு "தேங்க்ஸ் மேடம், நேரா சொன்னதுக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கையை விடவே இல்லை.

வரும் வழியில் சில்க் போர்டு சிக்னலில் ஆட்டோ நின்றபோது, டிசம்பரில் கோவில்பட்டி போகலாமா என்று கேட்டேன். அவளுடைய அண்ணன் வீடு கட்டி முடித்திருக்கிறார். "சரிப்பா" என்றாள்.

நான் சொன்ன எதற்கும் உடனே சரி சொன்னவள் இல்லை அவள். அசதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 28

மருந்துக் கடையில் வலிக்கு ஒட்டும் பட்டை வாங்க எவ்வளவு கையெழுத்து! கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாக்கிச் சில்லறையை மேசையில் வைக்காமல் என் கையில் வைத்தார்.

செப்டம்பர் 2

புதிய படம் வந்தது. நானும் ஹசீனாவும் காலை முழுவதும் பொருத்தினோம். இரண்டு படத்திலும் உள்ள நாற்பது நட்சத்திரங்களை வைத்து ஒன்றின் மேல் ஒன்று பதித்ததில், வெடிப்பும் அந்தச் சிவப்புப் புள்ளியும் ஒரே இடம். ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குகூட விலகல் இல்லை.

எடை, தூசைச் சேர்க்காமலே, இருபத்திரண்டு மடங்கு.

ஹசீனா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "சார்! இருபது வருஷமா இதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க! அக்காவுக்கு இப்பவே போன் போடுங்க."

சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்த பிறகு ரசம் சாதம் நான்கு வாய் சாப்பிட்டாள். "படம் வந்துச்சா?" என்று கேட்டாள். வந்தது, பொருத்துவது சிக்கலாக இருக்கிறது என்று சொன்னேன்.

செப்டம்பர் 5

கட்டுரை எழுதி முடித்தாயிற்று. அனுப்பவில்லை. வேறு இரண்டு குழுக்கள் இதே வேலையில் இருப்பதாக ஹசீனா சொல்கிறாள். ஒரு வாரம் பொறுக்கலாம் என்றேன். எதற்கு சார் என்றாள். பிழை அளவுகளை மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். அவை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தன.

செப்டம்பர் 8

இயல் போன் செய்தாள். இன்டர்னல் தேர்வு நடக்கிறதாம், வரட்டுமா என்று கேட்டாள். தேர்வை முடித்துவிட்டு வா, அவசரம் ஒன்றும் இல்லை என்றேன். தவமணி படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேஸ் சிலிண்டர் எந்த நம்பருக்கு புக் செய்வது, இயலின் பிறப்புச் சான்றிதழ் எந்த அலமாரியில் இருக்கிறது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் எனக்குத் தெரியும், நீயே செய்யலாம் என்றேன். "தெரியும்னா சொல்லு பாப்போம்" என்றாள். அலமாரியைத் தப்பாகச் சொன்னேன்.

செப்டம்பர் 10

சூப்பர்நோவா என்னாச்சு என்று இன்றும் கேட்டாள். இன்னும் தெளிவாகவில்லை என்றேன்.

செப்டம்பர் 13

ஹசீனா மதியம் சுறாப்புட்டு செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். தவமணிக்குப் பிடிக்கும் என்று. தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, "பேப்பர் படிச்சீங்களாக்கா? சார் இன்னும் அனுப்பாம வச்சிருக்காரு. நீங்களாவது சொல்லுங்க" என்றாள்.

தவமணி என்னைப் பார்த்தாள். ஹசீனாவுக்குப் புரிந்துவிட்டது. பாத்திரத்தைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டாள்.

"எவ்வளவு வந்துச்சு?"

"இருபத்திரண்டு."

"எப்போ?"

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி."

"ஏன் சொல்லல?"

"உடம்பு கொஞ்சம் தேறட்டும்னு..."

"எந்த உடம்பு?" அவள் குரல் ஏறவில்லை. ஏறும் அளவுக்குத் தெம்பு இல்லை. "ராஜதுரை, நான் பேஷன்ட் ஆகி ஒரு வருஷம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி நான் யாரு? நான் உங்கிட்ட தோத்ததே இல்லையா? அப்பல்லாம் எனக்கு என்ன ஆயிடுச்சு?"

"கோவப்படாத, தவம்."

"நீ என்கூட சண்டை போட்டவரைக்கும் நான் ஒரு ஆளுன்னு நெனச்சேன். இப்ப நிறுத்திட்ட. டாக்டர் சொன்னப்பகூட எனக்குப் பயமா இல்லப்பா. இதான் பயமா இருக்கு."

சமையலறைக்குப் போய் நின்றேன். கழுவ ஒன்றும் இல்லை. கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவினேன்.

சுறாப்புட்டு அப்படியே இருந்தது. மாலையில் வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்தேன்.

செப்டம்பர் 14

காலை எழுந்ததும், "படி" என்றாள்.

தலையணையை உயர்த்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கட்டுரையை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். நடுவில் இரண்டு தடவை தூங்கிப்போனாள். எழுந்ததும் எங்கே விட்டோம் என்று அவளே சரியாகச் சொன்னாள்.

"அந்தப் புள்ளி ஒரு நட்சத்திரம்தான்னு எப்படித் தெரியும்? ரெண்டு மூணு ஒட்டிக் கிடந்தா?"

"நிறம் ஒரே நட்சத்திரத்தோட நிறம் மாதிரி இருக்கு."

"மாதிரி!" என்றாள். சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. "செத்தவன் பக்கத்துல நின்னான்னு ஒருத்தனைப் பிடிச்சுட்டு வந்து, இவன்தான் செத்தவன்னு சொல்ற. பெரிசு ஒண்ணு அங்க சும்மா நின்னுக்கிட்டு இருக்கலாம். அதுக்குப் பின்னால மங்கலா இருந்த பன்னெண்டு மடங்கு ஒண்ணு வெடிச்சிருக்கலாம்."

"ஒரு பிக்சல்ல பத்துல ஒரு பங்கு, தவம்!"

"அந்தப் பத்துல ஒரு பங்குக்குள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு கணக்குப் போடு. நம்ம சூரியக் குடும்பம் மாதிரி ஆயிரக்கணக்குல வைக்கலாம்."

நான் கத்தினேன். அவள் கையைத் தூக்கித் தூக்கிப் பேசினாள். ட்ரிப் ஊசி போட்ட இடத்தில் நீலம் பாரித்திருந்த கை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருப்பார்.

கடைசியில், "வெடிச்ச வெளிச்சம் அடங்கட்டும்" என்றாள். "அடங்கினப்புறம் அந்த இடத்தை மறுபடி பாரு. புள்ளி இல்லேன்னா நீ சொன்னதுதான். அப்படியே நின்னுச்சுன்னா நான் சொன்னது. அதுவரைக்கும் இது வெறும் சந்தேகப் பட்டியல்தான். அப்படின்னு எழுது."

"அடங்க எவ்வளவு நாள் ஆகும்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"ரெண்டு வருஷம் ஆகும்" என்று அவளே சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரெண்டு வருஷம்னே எழுது."

அவள் சொல்லச் சொல்ல அந்தப் பத்தியை எழுதினேன். அவள் பெயரையும் ஆசிரியர்களில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு உடன்பாடு இல்லாத பேப்பர்ல எதுக்கு என் பேரு?" என்றாள்.

மதியம் அனுப்பிவிட்டேன். அவள் ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதும் குடித்தாள்.

செப்டம்பர் 20

மடக்குக் கட்டில் வந்தது. தலைப்பக்கம் உயர்த்தலாம். தவமணிக்கு வசதி. ஹாலில் சோபாவை நகர்த்தி இடம் செய்தேன்.

மத்தியானம் வாசலில் இயல், தோளில் பையோடு நின்றாள். தேர்வு முடியவில்லையே என்றேன்.

"அம்மா போன் பண்ணி வரச் சொன்னாங்க. நீங்க சொல்லலப்பா" என்றாள். செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினாள்.

செப்டம்பர் 27

இயல் அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறாள். முடி திரும்ப முளைத்து அரை விரற்கடை வந்திருக்கிறது. வார ஒன்றும் இல்லை. சீப்பை வைத்துக்கொண்டு இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுகிறார்கள்.

பால்காரருக்கு இனி ஒரு பாக்கெட் போதும் என்று இயல் சொல்லியிருக்கிறாள். வேண்டாம், இரண்டே போடட்டும் என்று நான் மறுபடி சொன்னேன்.

அக்டோபர் 1

அதிகம் பேசுவதில்லை. தண்ணீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்கிறோம். இன்று ஒரு தடவை கண்ணைத் திறந்து, "எதாவது பதில் வந்துச்சா?" என்று கேட்டாள். கட்டுரையைப் பற்றித்தான். இன்னும் இல்லை என்றேன். இந்தத் தடவை உண்மையிலேயே இல்லை.

அக்டோபர் 5

இன்று காலை தவமணி இறந்துவிட்டாள்.

அக்டோபர் 23

வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மச்சான் நேற்றுக் கிளம்பினார். இயலைக் கோயம்புத்தூர் ரயிலில் ஏற்றிவிட்டு வந்தேன். ஏறும் முன், "ஏம்ப்பா எங்கிட்ட மறைச்சீங்க?" என்று கேட்டாள்.

"மறைக்கல பாப்பா. எனக்கே தெரியல."

"டாக்டர் ஆகஸ்ட்லயே சொன்னாங்கன்னு அம்மா சொன்னாங்க. நீங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்களாம்."

நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது. மதிப்பிட்டவர் ஒரு பத்தியை மட்டும் தனியாகப் பாராட்டியிருக்கிறார், ஆசிரியர்கள் தங்கள் முடிவையே இவ்வளவு கறாராகச் சோதித்திருப்பது அபூர்வம் என்று. அது அவளுடைய பத்தி. யாரிடம் காட்டுவது? ஹசீனாவிடம் காட்டினேன். அவள் அழுதாள்.

மார்ச் 12, 2023

இரண்டு பாக்கெட் பால். தினமும் ஒன்று திரிந்துபோகிறது. நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 30, 2024

மறுபடி படம் எடுப்பதற்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரம் இது என்று ஹசீனா நினைவூட்டினாள். எழுத உட்கார்ந்தேன். 'அந்த நட்சத்திரம் மறைந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறோம்' என்ற வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

நான் எதிர்பார்க்கிறேனா? என் இருபது வருட வாதம் அதில்தான் நிற்கிறது. ஆனால் இந்த ஒன்றரை வருடமாக, அந்தப் புள்ளி அங்கேயே நிற்கட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நட்சத்திரத்துக்கு இது எதுவும் தெரியாது. எப்போதோ நடந்து முடிந்துவிட்டது.

அந்த வரியை ஹசீனா எழுதினாள்.

நவம்பர் 18, 2024

படம் வந்தது.

ஹசீனாவின் அறையில் பார்த்தோம். பழைய படத்தையும் புதியதையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். சுற்றியுள்ள நட்சத்திரங்கள் எல்லாம் அப்படியே நின்றன. நடுவில் இருந்த சிவப்புப் புள்ளி இல்லை. அந்த இடத்தில் வெடிப்பின் மிச்சம், மிக மங்கலாக, பழைய நட்சத்திரத்தில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூட இல்லாமல்.

"போயிடுச்சு சார்" என்றாள். கையை நீட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடித்துக்கொண்டாள்.

"வெடிப்புல புதுசாத் தூசு உண்டாகி, நட்சத்திரத்தை மறைச்சிருக்கலாம்" என்றேன். "பின்னால நின்னுக்கிட்டு இருக்கலாம்."

"சார், இது அக்கா கேக்கற கேள்வி."

"நல்ல கேள்விதானே? அகச்சிவப்புப் படம் பாக்காம ஒண்ணும் சொல்லக்கூடாது. தூசுக்குப் பின்னால இருந்தா அதுல சூடாத் தெரியும்."

அவள் தேடத் தொடங்கினாள். வேறொரு குழு சென்ற மாதம் எடுத்த படம் இருக்கிறதாம். கேட்டு எழுதினோம்.

நவம்பர் 26

அகச்சிவப்புப் படத்திலும் இல்லை. மூன்று விதமாகக் கணக்குப் போட்டேன். தூசு போதாது. எதுவும் மறைந்து நிற்கவில்லை. இருபத்திரண்டு மடங்கு நட்சத்திரம் ஒன்று வெடித்திருக்கிறது. நான் சொன்னதுதான்.

இயலுக்குப் போன் செய்தேன். அவள் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள்.

"யாருப்பா ஜெயிச்சா?"

"நான்தான்."

"அம்மா தப்பாப்பா?" என்று கேட்டாள். பத்து வயதுப் பெண் மாதிரி இருந்தது குரல்.

"இந்த ஒண்ணுல தப்பு. மத்ததெல்லாம் என்னன்னு யாருக்கும் தெரியாது. சிலது வெடிக்கலாம், சிலது வெடிக்காம உள்ளேயே அடங்கலாம். ஒண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"இதை அம்மா சொல்லுவாங்களா, நீங்க சொல்றீங்களா?"

"அவ இருந்தா அவ சொல்லுவா. இல்ல, அதான் நான் சொல்றேன்" என்றேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படி அழுதேன். அவள் போனை வைக்கவில்லை.

டிசம்பர் 9

புதிய கட்டுரையை அனுப்பினோம். பாராட்டி நிறையப் பேர் எழுதுகிறார்கள். பதில் எழுத ஹசீனாவிடம் விட்டுவிட்டேன்.

தவமணியின் பழைய வேலை பற்றி நிறுவனத்துக்கு ஒரு மெயில் வந்திருந்தது. தவமணி வெளிநாட்டுக் குழு ஒன்றோடு சேர்ந்து இருபத்தேழு கேலக்ஸிகளைப் பல வருடம் கண்காணித்துவந்தாள். பெரிய சிவப்பு நட்சத்திரங்களில் ஏதாவது ஒன்று வெடிக்காமலே இல்லாமல் போகிறதா என்று பார்ப்பதற்காக. படங்கள் இன்னும் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றனவாம். அவள் பங்குக்கு வந்தவற்றை ஒருவரும் திறக்கவில்லை. யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். உங்கள் கொள்கைக்கு இது எதிரானதாயிற்றே என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 28

இயல் லீவில் வந்திருக்கிறாள். காலையிலிருந்து சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். முதல் கேலக்ஸியிலேயே பார்க்க வேண்டியவை நூற்றுக்கணக்கில். பழைய படம், புதுப் படம், பழையது, புதியது. நான் இடத்தைக் காட்டுகிறேன். அவள் கண் கூர்மை. பார்த்துச் சொல்கிறாள்.

"இருக்கு."

அடுத்தது.

"இருக்கு. இதுவும் இருக்கு."

ஒரு இடத்தில் தயங்கினாள். நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகே போனேன். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். படத்தில் ஒரு கோடு விழுந்து மறைத்திருந்தது. பக்கத்துப் படத்தைத் திறந்தாள்.

"இருக்குப்பா" என்றாள். என் கையின் மேல் கையை வைத்தாள்.

சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தோம். சாயங்காலம் வரை பார்த்தோம். ஒன்றுகூடக் குறையவில்லை.